அகற்றிய குண்டுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது

லாவோஸில் வெடிக்காமல் புதைந்துள்ள குண்டுகளை அகற்றும் பணியை விவரிக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அக்கட்டுரை, செயலிழக்கச் செய்யப்பட்ட குண்டுகளின் எண்ணிக்கையையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான வெடிபொருள்களை வீசின. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் ஏறத்தாழ 27 கோடி என்றும், அவற்றில் 30 விழுக்காடு வரை வெடிக்கவில்லை என்றும் மதிப்பிடப்படுகிறது. இத்தகைய நிலையில், எத்தனை குண்டுகள் அகற்றப்பட்டன என்பதைவிட, எந்த வயல், எந்தப் பள்ளிப் பாதை முதலில் மீட்கப்பட்டது என்பதே சியெங் குவாங் மாகாண உழவருக்கு முக்கியம்.

காயமுற்றோரைப் பற்றிக் கட்டுரை இரண்டே வரிகளில் கடந்துவிடுகிறது. சிறு வயதில் காலை இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் போதாது. உடல் வளர வளர அதை மாற்றியாக வேண்டும், பயிற்சியும் மலைக்கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்துபோகும் செலவும் தொடர்ந்து தேவைப்படும். தலைநகர் வியன்டியானில் இயங்கும் கோப் (COPE) அமைப்பு இதைத்தான் செய்துவருகிறது. ஆபத்தை அறிந்தே குண்டுகளின் பழைய இரும்பைச் சேகரித்து விற்கும் குடும்பங்களுக்கும் எச்சரிக்கைச் சுவரொட்டியைக் காட்டிலும் மாற்று வருவாயே பயன்தரும்.

2016இல் வியன்டியான் சென்ற அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா, குண்டுகளை அகற்றும் பணிக்கு மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தது வரவேற்கத்தக்கதே. எனினும், 2010இல் நடைமுறைக்கு வந்த கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையில் அமெரிக்கா இன்றுவரை இணையவில்லை என்பதையும் கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும்.