டாக்டர் பயிற்சியைப் பார்வையிட டாக்டர் அல்லாதவர் எதற்கு?

இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப டாக்டர்) ஆவதற்குப் பயிற்சி தரும் கிளினிக்குகளைப் பார்வையிடப் போகும் குழுவில், டாக்டர் அல்லாத ஒருவரையும் சேர்ப்பதுண்டு. "ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆளுக்கு அங்கே என்னய்யா வேலை?" என்று டாக்டர் நண்பர் ஒருவர் சிரிக்கிறார். வேலை இருக்கிறது, அதுவும் டாக்டர்கள் செய்யத் தயங்குகிற வேலை என்பது என் கட்சி.

நானும் அப்படிப் போய்வந்தவன்தான். டுட்டோரியல் ஒழுங்காக நடக்கிறதா, போர்ட்ஃபோலியோவில் (பயிற்சிக் குறிப்பேட்டில்) பதிவுகள் இருக்கின்றனவா என்றெல்லாம் கூட வரும் டாக்டர்கள் கேட்பார்கள், தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும். நான் டிரெய்னியிடம் கேட்பது, நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது சந்தேகம் வந்தால் யார் கதவைத் தட்டுவீர்கள் என்று. ஓரிடத்தில் அந்தப் பெண் பதில் சொல்லுமுன் டிரெய்னரின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம், அவருக்கும் நோயாளிகள் இருப்பார்களே, கிளினிக் முடிந்ததும் கேட்டுக்கொள்வேன் என்றார். அட்டவணையில் அதற்கென்றே பச்சைக் கட்டம் போட்டு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ரிசப்ஷனில் பேச்சுக் கொடுத்தால், அந்த நேரத்தில் அவசர நோயாளிகளைப் போடுவதுதான் வழக்கமாம்!

டாக்டர்களை டாக்டர்களே மேற்பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் உடைந்ததற்குப் பெரிய கதை உண்டு. ஹைடு ஊரின் ஹெரால்ட் ஷிப்மனும் ஒரு ஜிபிதான், தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதற்காக 2000-இல் தண்டிக்கப்பட்டார். அது பயிற்சியில் வந்த கோளாறு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை விசாரித்த நீதிபதி ஜேனட் ஸ்மித், டாக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் நோயாளிகளைவிட டாக்டர்களையே பார்த்துக்கொண்டது என்று வெளுத்து வாங்கினார். 2009 முதல் அந்தக் கவுன்சிலில் பாதிப் பேர் டாக்டர் அல்லாதவர்கள்.

நெஞ்சுவலியோடு வந்தவரை டிரெய்னி சரியாகக் கையாண்டாரா என்று நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, சரி. டிரெய்னிகளின் வருடாந்தர மதிப்பீட்டுக் குழுக்களிலும் டாக்டர் அல்லாத எங்கள் ஆட்கள் நடைமுறை நியாயமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், அதுவும் சரியே. எனக்கு எரிச்சலாவது அறிக்கை எழுதும்போதுதான். அந்தப் பச்சைக் கட்ட விவகாரம், எல்லோரும் கூடி எழுதி முடித்தபோது 'நேர ஒதுக்கீட்டை மேம்படுத்தலாம்' என்று சாதுவாகிப் போயிருந்தது. டாக்டர் அல்லாத பார்வையாளருக்குத் தன் பெயரில் ஒரு பத்தி தனியாக எழுத உரிமை வேண்டும், அதைக் குழுத் தலைவர் திருத்தக் கூடாது.

அப்புறம், ஆள் தேர்வு. என்னோடு வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், கமிட்டிக் காகிதம் படித்துப் பழகியவர்கள் (நானும் அந்த ரகம்தான்). லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ மாமியாரை ஜிபியிடம் கூட்டிப்போய், பத்து நிமிடத்துக்குள் அவர் வலியை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்கிற தமிழ்ப் பெண்ணுக்கு, புது டாக்டர் காதுகொடுத்துக் கேட்கிறாரா இல்லையா என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிற அவருக்குச் சம்பள இழப்பை ஈடுகட்டி, ஃபைலின் கனத்தையும் பாதியாகக் குறைத்தால் வருவார். அப்படி ஒருவரை எந்தக் குழுவிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.