கை நடுங்கினால் 'நரம்புத் தளர்ச்சி'யா?

"கை நடுங்குகிறதா? நரம்புத் தளர்ச்சிதான். அத்திப்பழத்தைத் தேனில் ஊறவைத்து 48 நாள் சாப்பிட்டால் நின்றுவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அத்திப்பழம் நல்ல பழம், அவ்வளவுதான். 'நரம்புத் தளர்ச்சி' என்பது விளம்பரங்களில் புழங்கும் சொல். நடுக்கத்துக்கான காரணத்தை அது சொல்வதில்லை.

நடுக்கம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது தளும்புகிறது, வங்கிப் படிவத்தில் கையெழுத்து கோணுகிறது, கையை மடியில் வைத்தால் அடங்கிவிடுகிறது என்றால், பெரும்பாலும் அது 'எசென்ஷியல் ட்ரெமர்', அதாவது கையைப் பயன்படுத்தும்போது வரும் நடுக்க நோய். இது பரம்பரையாகவும் வரும், பல வீடுகளில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ இருந்திருக்கும். புரோப்ரனலால் மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மூளையின் நரம்பணுக்கள் சிதைவதால் வரும் பார்க்கின்சன் நோயில் இதற்கு நேர்மாறு. சும்மா கிடக்கும் கைதான் ஆடும், விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல. வழக்கமாக ஒரு பக்கத்தில் தொடங்கும். நடுக்கம் கண்ட உடனே எல்லோரும் அஞ்சுவது இதைத்தான். ஆனால் எசென்ஷியல் ட்ரெமரே இதைவிடப் பரவலானது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும். மூச்சிரைப்புக்கு இழுக்கும் சால்பூட்டமால், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் போன்ற மருந்துகளாலும் நடுங்கும். சர்க்கரை நோய்க்கான மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர் வியர்த்து நடுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், அவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும். தினமும் மது குடித்தவர் திடீரென நிறுத்தி நடுங்கினால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், வலிப்பு வரக்கூடும்.