‘ஒக்லஹோமா!’ சண்டை ஓயவே ஓயாதா?

2019இல் இயக்குநர் டேனியல் ஃபிஷ் நியூயார்க்கின் பிராட்வேயில் மறுபடி மேடையேற்றிய ‘ஒக்லஹோமா!’ என்ற பழைய அமெரிக்க இசைநாடகத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே போதும், "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. எந்த மூலம்? 1943 நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? இவர்களில் பலர் மனதில் இருப்பது 1955 திரைப்படம்தான். அதில் வில்லனாக வரும் பண்ணையாள் ஜட் தன் தனிமையைச் சொல்லிப் பாடும் பாட்டையே வெட்டிவிட்டார்கள். அதற்கு மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை!

ஃபிஷ் வசனத்தையும் பாடல்களையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். இசைக்குழுவை ஏழு பேராகச் சுருக்கினார், சரி. ஆனால் ஜட் குடியிருக்கும், இறைச்சிக்குப் புகைபோடும் அறையில் நடக்கும் அந்தக் காட்சி! அரங்கம் முழுக்க இருட்டு, ஜட்டின் முகம் மட்டும் வீடியோவில் சுவர் நிறைய. வெறும் வில்லன் என்று ஒதுக்கப்பட்டவன் அங்கே மனிதனாகத் தெரிகிறான். கடைசியில் அவன் சுடப்பட்டு, மணமக்களின் கல்யாண உடையில் ரத்தம் தெறிக்கும்போது நமக்கு வலிக்கிறது.

பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம், பழையதை ரசிப்பவர்களைக் கட்டுப்பெட்டி என்று ஏசுகிறவர்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். அந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச எனக்கு ஆள் வேண்டும்.