பாய் இருப்பதால் மட்டும் காற்றில் ஓடுவதாகாது
ஸ்டார் வார்ஸ் படத்தில் குற்றக் கும்பல் தலைவன் ஜப்பாவின் உல்லாசப் படகு காற்றின் விசையில்தான் பாலைவனத்தில் மிதக்கிறது என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைத் தூக்கி நிறுத்துவது ரிபல்சர்லிஃப்ட் என்ற மிதப்பு இயந்திரம். பெரிய ஆரஞ்சுப் பாய்கள் மேல்தளத்துக்கு நிழல் தருபவை. கதை நடக்கும் டாட்டூயின் கோளில் இரண்டு சூரியன்கள் அல்லவா! இவ்வளவு அழகாக யோசித்து வடிவமைத்த வண்டியை வெறும் பாய்மரக் கப்பலாகச் சுருக்குவது வருத்தமாக இருக்கிறது. படப்பிடிப்புக்காக கலிபோர்னியாவின் பட்டர்கப் பள்ளத்தாக்கு மணல்மேடுகளில் அதை முழு அளவில் கட்டி நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம். கட்டுரையின் கீழே கருத்திட்ட ஒரு நண்பர் 1983லேயே இதன் பொம்மை கடைகளில் கிடைத்தது என்கிறார். இல்லை, அன்றைய பொம்மை நிறுவனமான கென்னர் விற்றது படத்தில் படகோடு கூட வரும் சிறிய ஸ்கிஃப் வண்டியைத்தான், அதுவும் 1985ல். உருவப் பொம்மைகள் ஏறி நிற்கும் அளவிலான பெரிய படகுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் 5,000 பேர் முன்பதிவு செய்தால்தான் தயாரிப்போம் என்றே பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அறிவித்தது, எண்ணிக்கை அதைத் தாண்டிப் போனது.