இழைக்கிறார்களாம், இழைக்கிறார்கள்!

குள்ளர்களை ஏவிக் கோட்டை கட்டும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில், ஒரு கூடத்தின் கரடுமுரடான கல்லை வழவழப்பாக இழைத்து முடிப்பதற்குள் எனக்கு நரை விழுந்துவிடும் போலிருக்கிறது. சுவர், தரை எல்லாவற்றையும் குறித்து வைத்தால் குள்ளர் ஒருவர் ஆடி அசைந்து வருகிறார். ஒரே ஒரு கட்டம் இழைப்பார். உடனே தாகம்! குடித்துவிட்டுத் திரும்புவாரா? மாட்டார். தூக்கம். அப்புறம் கோயிலில் பிரார்த்தனை. அப்புறம் மதுக்கூடத்தில் அரட்டை. வந்தாலும் எதிர்மூலையில்தான் ஆரம்பிப்பார். நடுவில் விட்டுப்போன கட்டம் சொத்தைப் பல்லாட்டம் இளிக்கும்.

ஒதுக்கிவிடவும் வழியில்லை. நீர் கசியும் பாறைச் சுவரா? இழைத்தால் கசிவு நிற்கும். அம்பு எய்யத் துளை வேண்டுமா? முதலில் இழை. மண் சுவர் வந்துவிட்டால் இழைக்கவே முடியாது, அந்த மூலை அப்படியே அழுக்காக நிற்கும். பிரபு என்று ஒருவர் வந்து சேருவார் பாருங்கள், கையால் ஒரு கல் நகர்த்தமாட்டார், ஆனால் அறையின் மதிப்பு போதவில்லை என்று முகம் சுளிப்பார். சரி என்று அவர் படுக்கையறையை மாய்ந்து மாய்ந்து இழைத்து, சிற்பம் செதுக்கச் சொன்னால், செதுக்கியது என்ன? பாலாடைக்கட்டி! தலைமாட்டில் பாலாடைக்கட்டி! இதற்கா நான் கோட்டை கட்டினேன்?