மந்தை ஒன்று, தொகை வேறா?

அமெரிக்காவில் ஒரே அளவு மாடு வைத்திருந்த இரண்டு பண்ணைகளுக்கு 2020 கொரோனா நிவாரணம் வெவ்வேறாக வந்ததால், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகம் பாரபட்சம் காட்டியது என்கிறது ஒரு கட்டுரை. அவசரமான முடிவு. அமெரிக்க வேளாண் துறையின் முதல் சுற்று நிவாரணக் கணக்கே அப்படித்தான்.

ஜனவரி 15 அன்று கையிலிருந்த, 1,200 பவுண்டுக்கு மேற்பட்ட கொழுத்த மாடுகளை ஏப்ரல் 15-க்குள் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். விற்காதவற்றுக்கு, ஏப்ரல் 16 முதல் மே 14 வரை விவசாயியே தேர்ந்தெடுக்கும் ஒரு நாளின் இருப்புக்கு, தலைக்கு வெறும் 33. நூறு மாட்டை ஏப்ரல் 10-ல் விற்றவருக்கு 21,400 டாலர். 20-ல் விற்றவருக்கு, 16-ம் தேதி இருப்பைக் காட்டினாலும் 3,300 தான். இறைச்சி ஆலைகள் மூடியதால் விற்க முடியாமல் தவித்தவருக்குத்தான் குறைவு! முதலில் 80 சதவீதம்தான் கொடுத்தார்கள், மீதி ஆகஸ்டில்.

உண்மையில் கேள்வி கேட்கவேண்டியது நிவாரணத்தின் உச்சவரம்பைப் பற்றி. தனிநபருக்கு 2,50,000 டாலர். ஆனால் பங்குதாரர் மூவர் தலா 400 மணி நேர உழைப்போ நிர்வாகமோ காட்டினால் நிறுவனத்துக்கு 7,50,000. கம்பெனியின் பன்றியை ஒப்பந்தத்தில் வளர்த்தவருக்கோ அந்தச் சுற்றில் ஒன்றுமில்லை, விலை நட்டம் அவருடையது அல்லவாம்.