பத்து நிமிடம் நின்றவருக்கு ஒன்றும் ஆகாது

நூற்பாலைகளின் இரைச்சலும் தூசியும் பற்றிய அந்தக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் பகிர்ந்துவிட்டீர்கள். “மில்லுக்குள் நானே பத்து நிமிடம் நின்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று மேடையில் ஒருவர் சொன்னதும், அதற்குக் கைதட்டல் எழுந்ததும் என்னைத் தூங்க விடவில்லை.

பத்து நிமிடம் நிற்பதும், ஆண்டுக்கணக்கில் அன்றாடம் எட்டு மணி நேர ஷிப்டில் நிற்பதும் ஒன்றல்ல. சத்தம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நேரம் என்பதை விட்டுவிட்டால் அது பாதிக் கணக்கு. தொழில்சார் உடல்நலத்துக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம். நம் தொழிற்சாலை விதிகளிலோ 8 மணி நேர வரம்பே 90 டெசிபலாக இருந்துவந்திருக்கிறது.

என் அப்பா நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்பார். அடுத்தடுத்த நாட்களில் அது தணிந்துவிடும் என்பதால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் அப்படித்தான் தொடங்கும் என்பதை மிகவும் பின்னால்தான் படித்து அறிந்தேன். காதும் ஒரே நாளில் போகவில்லை. இரைச்சலால் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதி ஒலிகளில் தொடங்குவதால், பேச்சு காதில் விழும், சொல் பிரியாது. பேத்தி பேசுவது புரியாமலேயே அவர் சிரித்துத் தலையாட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவரின் சட்டையில், உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, அவர் மேல் பட்ட கதிர்வீச்சை அவர் பெயரிலேயே கணக்கில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டை (உடலில் படும் கதிர்வீச்சுக்கான அலகு) தாண்டக் கூடாது. காற்றின் நுண்துகளுக்கும் (பி.எம். 2.5) கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரிக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40 என்று இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறார்கள். நாள்பட்டுச் சேர்வது வேறு என்பது அரசுக்குத் தெரியும். மில் தொழிலாளியின் பெயரில் மட்டும் ஏன் யாரும் கூட்டுவதில்லை?

மில்லை மூடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. காதடைப்பான் கொடுக்கிறார்களே என்பீர்கள். அந்தப் புழுக்கத்தில், இயந்திரத்தின் சத்தம் மாறுவதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டிய வேலையில், ஷிப்ட் முழுவதும் அதை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்து சொல்லுங்கள். அந்த மில்தானே உன்னைப் படிக்க வைத்தது என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். என்னைப் படிக்க வைத்தவர் என் அப்பா. அவர் உழைப்புக்குத்தான் கூலி வாங்கினார். காதுக்கும் நெஞ்சுக்கும் யாரும் விலை பேசவில்லை.

நான் கேட்பது இதுதான்: வேலையில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுதோறும் காதையும் நுரையீரலையும் பரிசோதியுங்கள், அந்த அறிக்கையைத் தொழிலாளியின் கையில் கொடுங்கள், அவர் வேறு மில்லுக்குப் போனால் பழைய கணக்கும் அவரோடு போகட்டும்.